நடுநிலை யாருடைய குணம்?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி நமது குடாநாட்டின் திருவிழாக்களுள் ஒன்று. ஆட்டம் முடிந்து வீடு திரும்புகையில் தோற்ற கட்சியினரின் வாயில் ஒரே பேச்சுத்தான்: "மத்தியஸ்தர் சரியில்லை." வென்ற கட்சியினருக்கோ அவரே தருமதேவதை. தோல்வியின் எரிச்சல் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அதனுள்ளே ஒரு மெய்யான கேள்வி மறைந்திருக்கிறது. ஒரே செயலுக்கு எப்போதும் ஒரே தீர்ப்பு ஏன் கிடைப்பதில்லை?

வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாமும் நடுநிலையைத் தனிமனிதனின் நற்குணமாகவே கருதிப் பழகிவிட்டோம். நல்லவர் ஒருவரை நடுவராக்கினால் நீதி தானே விளையும் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை போதுமா?

1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போண் மைதானத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கொண்டு, மத்தியஸ்தர் டரல் ஹெயர் ஏழு பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். அணித்தலைவர் முரளிதரனை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் அவருடைய ஒரு பந்தையேனும் குற்றமெனக் கூறவில்லை. வீசிய கை ஒன்று, சட்டமும் ஒன்று, தீர்ப்போ இரண்டு!

இருவரும் தாம் கண்டதையே சொன்னார்கள் என்று கொள்வோம். அப்படியாயின் குறை மனிதரில் மட்டுமன்று, அளவுகோலிலும் இருந்தது. பின்னர் கருவிகளால் அளந்தபோது, குற்றம் சாட்டப்படாத வீச்சாளர்களிலும் மிகப் பலர் கையை ஓரளவு மடக்கி நீட்டுவது புலனாயிற்று. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்னும் ஒரே எல்லை வகுக்கப்பட்டது.

கண் மட்டுமன்று, மனமும் பிறழும். இதைத் தெளிவாகக் காட்டுவது கூடைப்பந்தாட்டம். சிறு களத்தில் பத்துப் பேர் முட்டி மோதி ஓடுகையில், எந்த மோதல் தவறு என்பதைக் கணப்பொழுதில் நடுவர் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் ஆட்டங்களில் தேர்ந்த நடுவர் மூவர் நிற்கின்றனர். அவ்வாறிருந்தும், ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வூல்பர்ஸ் என்னும் பொருளியலறிஞர் 13 பருவங்களின் ஆட்டக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, வேற்றினத்து நடுவர் மிகுந்த ஆட்டங்களில் ஆட்டக்காரர் மீது சற்றுக் கூடுதலாகத் தவறுகள் சுமத்தப்பட்டதைக் கண்டனர். 2007இல் இச்செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வெளியாயிற்று. பிந்திய ஆண்டுகளின் ஆட்டங்களை ஆராய்ந்தபோது அந்தச் சார்பு காணப்படவில்லை. ஊரறியப் பேசப்பட்டமையே காரணம் என ஆராய்ந்தோர் கருதினர். 2015 முதல் அச்சங்கம், இழுபறியாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளைத் தானே மறுபரிசீலனை செய்து, பிழைகளை வெளியிட்டு வருகிறது.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? நடுநிலை தனியொருவரின் உள்ளத்தில் மட்டும் விளைவதன்று. தீர்ப்பளிப்பவரையும் கேள்வி கேட்கும் சமுதாயத்தில் விளைவது. ஒழுங்கு என்ற பெயர் மட்டும் நீதியாகிவிடாது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் வந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்துக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அளவுகோலை வகுத்தோர் ஒருசாரார். அதனால் அளக்கப்பட்ட மாணவருக்கோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆசிரியர்களாகிய நாமும் சிவப்பு மையேந்திய நடுவர்களே. காலையில் திருத்திய விடைத்தாளுக்கும் நள்ளிரவில் களைத்துத் திருத்திய விடைத்தாளுக்கும் ஒரே அளவைத்தான் வைத்தோமா? புள்ளி குறைந்ததேன் என்று மாணவன் கேட்டால் அதை மரியாதைக் குறைவாக எண்ணிச் சினக்கிறோமா, தாளை எடுத்துக் காரணம் காட்டுகிறோமா? மைதானத்து மத்தியஸ்தரைத் திட்டுமுன் நமது வகுப்பறையில் இக்கேள்விக்கு விடை சொல்வோம்.