கூடுதலாய் வந்தது யாருக்கு உரியது?

அலுவல் நிமித்தம் அடிக்கடி விமானம் ஏறும் நியூயார்க் நகரத்தார் ஒருவர், அப்பயணங்களால் தம் கணக்கில் சேர்ந்த மைல்களைச் செலவிட்டு, இலண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெறும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் காணப் பிரீமியம் எகானமி வகுப்பில் பறக்கிறார் என்று கொண்டால், அது அவர் தாமே ஈட்டிய இன்பமா, பிறர் பொருளால் துய்க்கும் இன்பமா என்ற வினா எழுகிறது. கொடுக்கல் வாங்கலில் பேசப்படாமல் விளையும் மிகுபயன் யாரைச் சேர வேண்டும் என்ற பழைய அறச்சிக்கலே இவ்வினாவின் உள்ளீடு. விமானம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யூத, இஸ்லாமியச் சட்ட மரபுகள் அச்சிக்கலை எடுத்து ஆராய்ந்திருப்பதால், இன்றைய பயணிக்கும் அவற்றிடம் கேட்டறிய வேண்டியவை உள்ளன.

மைல்கள் எனப்படுபவை, ஒரே நிறுவனத்தின் விமானங்களில் மீண்டும் மீண்டும் பறப்பவருக்கு அந்நிறுவனம் கணக்கிட்டு வழங்கும் புள்ளிகளாகும். போதிய அளவு சேர்ந்ததும் அவற்றைக் கொடுத்துப் பயணச்சீட்டோ உயர்ந்த வகுப்பில் இருக்கையோ பெறலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கிய ஆட்வான்டேஜ் திட்டத்துக்குப் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது. எகானமிக்கும் பிசினஸ் வகுப்புக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியோ 1990களின் தொடக்கத்தில் உருவானது. முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் உள்ள இடைவெளி எகானமியில் 31 அங்குல அளவினதாக இருக்க, இதில் 38 அங்குல அளவினதாக இருக்கும். என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, பருவ ஆட்டங்களில் ஒன்றை இலண்டனில் முதன்முதலாக நடத்தியது 2007 அக்டோபர் 28 அன்று. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் மயாமி டால்ஃபின்ஸ் அணியும் மோதிய அந்நாள் தொட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்று தம் அணியைக் காண்பது அமெரிக்க ரசிகர் பலருக்கு வழக்கமாகியுள்ளது.

யூத மரபில் இவ்வினாவுக்கு மிக அணுக்கமான இடம், பாபிலோனியத் தல்மூதின் கெதுபோத் என்ற பகுதியில், 98ஆம் ஏட்டில் உள்ளது. தல்மூத் என்பது மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பையும், அதன்மேல் ரப்பிகள் எனப்படும் சமய அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக நிகழ்த்திய வாதங்களையும் உள்ளடக்கிய பெருநூல். ஒருவர் தம் பணத்தைக் கொடுத்து, தமக்காகப் பொருள் வாங்கிவர ஒரு முகவரை அனுப்புகிறார். விற்பவரோ கேட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கூடுதல் பொருள் யாருடையது என்பதே அங்கு எழும் வழக்கு. முழுதும் முகவருக்கே என்பது ரப்பி யெகூதாவின் முடிபு. இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ரப்பி யோசேயின் முடிபு. ஆனால் அந்த யோசேயே பிறிதோரிடத்தில், முழுதும் பணத்துக்கு உரியவருக்கே என்று கூறியதாகவும் மரபு பேசுகிறது. இம்முரணை ராமி பர் ஹாமா என்பவர், விலை வரையறுக்கப்பட்ட பொருள், வரையறுக்கப்படாத பொருள் என இரண்டாகப் பிரித்துத் தீர்க்கிறார். பேரம் பேசி வாங்கும் பொருளில் கூடுதல் என்று தனியே ஒன்று இல்லை. கிடைத்தது அனைத்தும் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த சரக்கே ஆதலால் அது பணத்துக்கு உரியவரைச் சேரும். விலை நிலையாக உள்ள பொருளிலோ மேலே கொடுக்கப்பட்டது கொடையாகிவிடுவதால், அது பங்கிடப்பட வேண்டும். ரவ் பாப்பா என்ற அறிஞர் இதனையே முடிந்த சட்டமாக உரைக்கிறார்.

பங்கிடுவதற்கான காரணத்தைப் பற்றிப் பிற்கால உரையாசிரியர்கள் இருவேறு வழியில் செல்வதுதான் விமான மைல்களைப் பொறுத்தவரை முதன்மையானது. பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி, விற்பவர் யாரை மனத்தில் வைத்துக் கொடுத்தார் என்பது ஐயத்துக்குரியதாக இருப்பதால் பாதிப் பாதியாகப் பிரிக்கப்படுகிறது என்கிறார். வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐசக் அல்ஃபாசியோ, கொடை முகவருக்கே கொடுக்கப்பட்டதாயினும், மற்றவரது பணத்தின் வழியாகவே அது அவர் கைக்கு வந்தமையால் பணத்துக்கு உரியவரும் அதில் பங்குடையர் என்று கருதுகிறார். ராஷியின் வழியில் சென்றால், விற்பவர் இது முகவருக்கே என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட அளவில் ஐயம் நீங்கிவிடுகிறது. மைல்கள் பறந்தவர் பெயரில் மட்டுமே சேரும், சீட்டுக்குப் பணம் கட்டிய நிறுவனத்துக்கு அவற்றில் உரிமை இல்லை என்று திட்ட விதிகள் கூறுவதால், அவை முழுதும் ஊழியருக்கே உரியவையாகும். அல்ஃபாசியின் வழியில் சென்றால் அத்தகைய அறிவிப்பு எதையும் மாற்றுவதில்லை.

இவ்விரண்டில் அல்ஃபாசியின் காரணமே இங்கு வலியது எனல் வேண்டும். விமான நிறுவனங்கள் அலுவல் பயணியைக் குறிவைத்து இத்திட்டங்களை வகுத்ததற்குக் காரணம், எந்த நிறுவனத்தில் பறப்பது என்பதைத் தெரிவு செய்பவர் அவராகவும், அதற்குப் பணம் கட்டுபவர் வேறொருவராகவும் இருப்பதே. குறைந்த கட்டணத்தில் வேறு விமானம் இருந்தும் மைல் சேரும் விமானத்தையே ஒருவர் தேர்ந்தால், அந்த வேறுபாட்டைச் சுமப்பவர் அவருடைய முதலாளி. ஆகவே கொடையாளரின் நோக்கம் தெளிவாக இருக்கிறது என்பதால் கொடை தூயதாகிவிடாது. பிறர் பணத்தைக் கையாள்பவரின் தீர்ப்பைத் தன் பக்கம் சாய்ப்பதும் அந்நோக்கத்தின் ஒரு கூறாக இருக்கிறது.

இக்கூற்றை நேரே தொடுவது இஸ்லாமிய மரபில் வரும் இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்வு. நபி முஹம்மதின் சொல்லையும் செயலையும் பதிவு செய்யும் ஹதீஸ் தொகுப்புகளில் மிகுந்த நம்பகத்தன்மை உடையவையாகக் கொள்ளப்படும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் அது இடம்பெற்றுள்ளது. பனூ சுலைம் குலத்தாரிடம் ஸகாத் என்னும் கடமையான தருமத் தொகையைத் திரட்ட அனுப்பப்பட்ட இவர், திரும்பி வந்ததும் பொருள்களை இரு கூறாக்கி, ஒரு கூறு பொதுநிதிக்கு உரியது, மற்றது தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். அவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே நபி எழுப்பிய வினா. கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா என்று அவர் ஆராயவில்லை. பதவி இல்லாதிருந்தால் கொடை வந்திருக்குமா என்று மட்டுமே கேட்டார். அலுவல் மைல்களை இவ்வினாவின் முன் நிறுத்தினால் விடை கடுமையாகவே அமையும்.

ஆயினும் அக்கடுமையை எல்லா ஊழியர்மேலும் ஒரே அளவில் ஏற்றுவது நீதியாகாது. தருமத் தொகை திரட்டச் சென்றவர் பெற்ற அன்பளிப்பு அவருடைய அதிகாரத்தை நோக்கி வந்தது. அலுவல் பயணியோ இரவு முழுதும் குறுகிய இருக்கையில் முடங்கிக் கிடப்பதையும், வார இறுதிகளைப் பிள்ளைகளின்றிக் கழிப்பதையும், மாறும் நேர வலயங்களால் உறக்கம் கெடுவதையும் தம் உடலால் ஏற்கிறார். இவற்றுக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. மைல்களை ஈட்டியதில் பணம் ஒருவருடையது, உடல் மற்றவருடையது என்ற நிலையில், பங்கு என்னும் யோசேயின் தீர்ப்பு இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்ன தீர்ப்பாக நிற்கிறது. முதலாளி அறிந்தே விட்டுக்கொடுத்தால் அது ஊதியத்தின் ஒரு பகுதியாகி, வழக்கே இல்லாமற்போகும்.

அரசுகள் இதில் ஒருமித்த நிலை எடுக்கவில்லை. ஜெர்மனி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது 2002ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது, அவர்களுள் ஒருவராயிருந்து பின்னர்ப் பெர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சராகியிருந்த கிரேகோர் கீசி அதற்காகவே பதவி விலகினார். அமெரிக்காவிலோ 2001 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், கூட்டாட்சி அரசு ஊழியர்கள் அலுவல் மைல்களைத் தாமே வைத்துக்கொள்ள இசைவளித்தது. அதற்கடுத்த ஆண்டு அந்நாட்டு வருமான வரித்துறையும் அத்தகைய மைல்களுக்கு வரி கோரப்போவதில்லை என அறிவித்தது. இந்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, அலுவல் பயணப் புள்ளிகள் அந்தந்தத் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்பட வேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறது. மக்கள் வரிப்பணத்தைப் பொறுத்தவரை இந்திய ஆணையும் ஜெர்மானிய வழக்கமுமே அறத்துக்கு அணுக்கமானவை. ஏனெனில் அங்கு விட்டுக்கொடுக்கும் முதலாளி என்று கைகாட்டத்தக்க தனி ஒருவர் இல்லை.

சொந்தப் பணத்தில் கிரெடிட் கார்டு வழியே மைல் சேர்ப்பவர் இவ்வழக்கிலிருந்து முற்றிலும் விடுபட்டவர் என எண்ணலாம். ஆனால் அங்கும் கண்ணுக்குத் தெரியாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். கார்டு உரசப்படும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் வங்கிக்குக் கட்டணம் செலுத்துகிறார். வங்கி அக்கட்டணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு விமான நிறுவனத்திடம் மைல்களை வாங்கி வாடிக்கையாளருக்கு அளிக்கிறது. கடைக்காரர் கட்டணத்தை ஈடுகட்டப் பொருளின் விலையை எல்லாருக்கும் உயர்த்துகிறார். இதனால் ரொக்கம் கொடுத்து வாங்குபவர், தமக்கு ஒரு மைலும் சேராத நிலையிலும் அவ்வுயர்வைச் சுமக்கிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு பயன்படுத்தும் குடும்பங்களுக்கு மாற்றித் தருகிறது. கார்டுக் குடும்பம் ஒன்று 1,133 டாலர் பெறுகிறது. கார்டு பெற இயலாதவர்கள் பெரும்பாலும் வறியவர்களே என்பதால், இலவசம் என்று பெயர்பெற்ற அந்த இருக்கையின் விலையில் ஒரு பகுதி வறியவர் வீட்டு மளிகைக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது. இதில் தனி ஒருவரின் குற்றம் சிறிது, அமைப்பின் குற்றம் பெரிது. எனினும் இதை அறிந்தவர், மைல்களைத் தம் திறமையின் பரிசாக மட்டும் எண்ணிக்கொள்வது பொருந்தாது.

மைல்களின் உரிமை ஒருபுறமிருக்க, ஆட்டம் காணச் செல்வதே வீண் என்ற எதிர்ப்பும் எழலாம்; அது நெடுநேரம் நிற்கத் தக்கதன்று. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வடஆப்பிரிக்கக் கிறித்தவ அறிஞர் தெர்த்துல்லியன் அரங்க ஆட்டங்கள் அனைத்தையும் தனி நூல் எழுதிக் கண்டித்தார்; ஆனால் அவர் கண்ட ஆட்டங்களில் மனித உயிர் மாய்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவது போல் உழைத்த உள்ளத்துக்கும் ஆட்டமும் களிப்பும் வேண்டும் என்றும், அளவறிந்த களிப்பு ஒரு நற்பண்பே என்றும் நிறுவினார்.

அகன்ற இருக்கையைப் பற்றிய வினா அதைவிட நுட்பமானது. மிகை, குறை என்னும் இரண்டுக்கும் நடுவில் நிற்பதே நற்பண்பு என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையை மேலோட்டமாகக் கொண்டால், எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள வகுப்பு தானே அறத்தின் இருக்கை ஆகிவிடும். ஆனால் நடு என்பது எண்களின் நடு அன்று, அவரவர்க்கு உரிய நடு என்பதை அரிஸ்டாட்டில் மைலோ என்ற மற்போர் வீரரின் உணவளவைக் காட்டியே விளக்குகிறார். அவ்வீரருக்குப் போதாத உணவு புதிதாய்ப் பயிலத் தொடங்கியவருக்கு மிகையாகும். முழங்கால் மடங்காத முதியவருக்குத் தேவையாகும் 38 அங்குலம், நல்லுடல் கொண்ட இளைஞருக்குச் சொகுசாகலாம். அக்கூடுதல் இடத்துக்கு வேறு விலையும் உண்டு. பிரிட்டன் அரசின் விமானப் பயணி வரி, அந்நாட்டிலிருந்து புறப்படும் பிரீமியம் எகானமிப் பயணியிடம், மைல்களால் சீட்டு பெற்றிருந்தாலும், எகானமிப் பயணி கட்டுவதைப் போல் இரு மடங்குக்கு மேல் வசூலிக்கிறது. அவ்வரசு வெளியிடும் உமிழ்வுக் கணக்கீட்டில், நெடுந்தொலைவுப் பயணத்தில் இவ்வகுப்பினர் ஒருவர்க்குரிய கரியமில வாயு எகானமிப் பயணிக்குரியதைப் போல் 1.6 மடங்காகக் கொள்ளப்படுகிறது. விமானத்தில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு ஏற்பப் புகையின் பங்கும் வகுக்கப்படுவதே காரணம். மைல்கள் இவ்விலையைக் கட்டுவதில்லை.

ஆகவே வெம்பிளிக்குச் சீட்டு எடுக்க விரும்பும் அலுவல் பயணி, முதலில் தம் நிறுவனத்தின் பயண விதிகளை எடுத்துப் படிக்கட்டும். அவை மௌனமாக இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் கேட்கட்டும். இசைவு கிடைக்காதபோது மைல்களில் பாதியை அலுவலகத்தின் அடுத்த பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பாதியில் எந்த இருக்கை கிடைக்கிறதோ அதில் சென்று ஆட்டத்தைக் காணட்டும்.