வாங்கிய பின் வரும் வருத்தம்

ஒரு பொருளை விரும்பும் காலத்தில் மனம் இருக்கும் நிலை வேறு. அதன் விலையைக் கொடுத்து முடித்த பின் இருக்கும் நிலை வேறு. நேற்று வரை, "இஃது இன்றி நம் காரியம் நடவாது" என்று உறுதியாக இருந்தவர், இன்று, "இதற்கு இத்துணைப் பணம் கொடுத்திருக்க வேண்டுமா?" என்று கலங்குகிறார். பொருள் மாறவில்லை, விலை மாறவில்லை, வாங்கியவரும் அவரே. ஓர் இரவுக்குள் மாறியது எது?

விலையுயர்ந்த கணிப்பொறி ஒன்றை வாங்குவோரிடம் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். பலருக்கு அதன் விலை இரண்டு மூன்று மாத வருமானம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்பது போலவோ, துணியை விரித்துப் பார்ப்பது போலவோ அதன் தரத்தை அறிய இயலாது. விவரக் குறிப்புகளைப் படித்து, அறிந்தவரைக் கேட்டு, பணத்தைச் செலுத்திப் பதிவு செய்கிறோம். பொருள் வந்து சேரச் சில நாள்கள் ஆகின்றன. அந்த இடைப்பட்ட நாள்களிலேயே வருத்தம் தலைதூக்கிவிடுகிறது. பெட்டி வீட்டிற்கு வரவில்லை; பிரிக்கப்படவில்லை; குறை ஒன்றும் காணப்படவில்லை. ஆயினும் உறக்கம் கெடுகிறது. பொருள் வருமுன்னரே துன்பம் வந்துவிடுகிறதெனில், அத்துன்பத்தின் பிறப்பிடம் வாங்கியவரின் உள்ளமே என்பது தெளிவு.

"வருந்துவது நன்றுதானே? வருந்துபவர் திருந்துவார் அல்லவா?" என்று அன்பர்கள் கேட்கலாம். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தவறுணர்ந்து வருந்துவது அறநெறியின் முதற்படி என்பதில் ஐயமில்லை. ஆனால், வாங்கிய பின் வரும் இந்த வருத்தம் அத்தகையதுதானா? அன்றி, வாங்கத் தூண்டிய அதே ஆசை வேறு கோலம் பூண்டு வந்து நிற்கிறதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறியின் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 'லிஸா' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் விலை 9,995 டாலர். எழுத்துகளைத் தட்டி ஆணையிடும் முறைக்கு மாறாக, திரையில் தோன்றும் படங்களைச் சுட்டி ஒன்றின் துணையால் தொட்டு இயக்கும் வசதி அதில் இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1984 ஜனவரியில், அதே நிறுவனம் 'மெக்கின்டாஷ்' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதிலும் சுட்டியும் படங்களும் இருந்தன. அதன் விலையோ 2,495 டாலர்!

லிஸாவை முழு விலை கொடுத்து வாங்கிய ஒருவர் அச்செய்தியைக் கேட்ட நாளில் என்ன எண்ணியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆனால், அவருடைய மேசையின்மேல் இருந்த கணிப்பொறிக்கு அன்று நேர்ந்தது என்ன? ஒன்றும் இல்லை. முன்நாள் எழுதிய கடிதத்தை அது மறுநாளும் எழுதிற்று. முன்நாள் போட்ட கணக்கை மறுநாளும் போட்டது. அதன் நினைவகம் 1 மெகாபைட்; புதிதாக வந்த மெக்கின்டாஷின் நினைவகம் 128 கிலோபைட், அதாவது எட்டில் ஒரு பங்கே. கருவி குன்றவில்லை. 'ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் குறைவாகக் கொடுத்திருக்கலாமே' என்னும் ஒப்பீடு ஒன்றே புதிதாக முளைத்தது. அவ்வொப்பீடே துன்பமாயிற்று.

இத்துறையில் இத்தகைய ஒப்பீடு என்றும் ஓயாது. ஒரு சில்லில் அடக்கக்கூடிய மின்னணு உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965-இல் கார்டன் மூர் என்பவர் கணித்தார்; 1975-இல் அதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். பல பத்தாண்டுகள் இத்தொழில் அக்கணிப்பை ஒட்டியே வளர்ந்தது. ஆகவே, எவர் எந்த நாளில் வாங்கினாலும், அதனினும் சிறந்த ஒன்று பின்னே வரும். இதனை அறிந்தே வாங்குகிறோம். வந்தபின் ஏமாந்தாற்போல் வருந்துகிறோம். பன்னிரு சிந்தனைகளுள் நிலையாமைச் சிந்தனையை முதலாவதாக நம் ஆன்றோர் வைத்தது செல்வமும் யாக்கையும் பற்றி மட்டுமன்று. நாம் கொண்டாடும் ஒவ்வொரு கருவிக்கும் அது பொருந்தும்.

இனி, சமண அறநூல்கள் இது குறித்து என்ன ஒளி தருகின்றன என்று காண்போம். பற்று எனப்படும் பரிக்கிரகத்தை அவை புறம் என்றும் அகம் என்றும் இரண்டாக வகுக்கின்றன. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் முதலிய புறப்பற்றுகள் பத்து. பொய்க்காட்சி, வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் முதலிய அகப்பற்றுகள் பதினான்கு. இப்பதினான்கனுள் இரதி, அரதி, சோகம் என்னும் மூன்றும் இடம்பெற்றிருப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரதி என்பது விருப்பு. அரதி என்பது வெறுப்பு. சோகம் என்பது துயரம். வாங்குமுன் கணிப்பொறியின்மேல் கொண்ட விருப்பு இரதி. வாங்கியபின் அதன்மேல் எழும் வெறுப்பு அரதி. போன பணத்தை எண்ணிப் புலம்புவது சோகம். மூன்றும் ஒரே பட்டியலில் உள்ளன! 'ஆசைப்பட்டது பற்று, வருந்துவது பற்றிலிருந்து விடுபடுதல்' என்று நாம் கருதிக்கொள்கிறோம். ஆன்றோர் கணக்கிலோ வருத்தமும் ஓர் உடைமையே. கணிப்பொறி வந்து சேருமுன் நாம் வீட்டிற்குள் கொண்டுவந்து வைத்துவிட்ட உடைமை அது.

தியானங்களின் வகையை நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். துன்பச் சிந்தனையாகிய ஆர்த்த தியானம் நான்கு வகைப்படும். விரும்பியது பிரிந்ததை எண்ணி வருந்துதல், விரும்பாதது வந்து சேர்ந்ததை எண்ணி வருந்துதல், நோயின் வேதனையை எண்ணி வருந்துதல், வருங்கால இன்பத்திற்கு ஏங்குதல் என்பன அவை. கணிப்பொறி ஒன்றை வாங்கியவரிடம் இவற்றுள் மூன்று ஒருசேர நிகழ்வதைக் காணலாம். கைவிட்டுப் போன பணம் விரும்பியதன் பிரிவாகிறது. வரவிருக்கும் பொருள் விரும்பாததன் சேர்க்கையாகிறது. "இன்னும் ஆறு மாதம் பொறுத்திருந்தால் அதைவிட நல்லதை வாங்கியிருக்கலாமே" என்பது வருங்கால இன்பத்திற்கான ஏக்கமாகிறது. ஒரு சரக்கு, மூன்று துன்பச் சிந்தனைகள்.

மனத்திற்கு இதற்கு நேர்மாறான வழியும் ஒன்று தெரியும். 1956-இல் ஜாக் பிரெம் என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டார். பெண்கள் சிலரிடம் எட்டு வீட்டு உபயோகப் பொருள்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார். பின்னர் அவற்றுள் இரண்டைக் காட்டி, ஒன்றைத் தமக்கென எடுத்துக்கொள்ளச் செய்தார். மீண்டும் மதிப்பிடச் சொன்னபோது, தாம் தேர்ந்த பொருளை முன்னினும் உயர்வாகவும், விட்ட பொருளை முன்னினும் தாழ்வாகவும் அவர்கள் மதிப்பிடும் போக்கு காணப்பட்டது. தேர்ந்தது சரியே என்று மனம் தனக்குத்தானே சான்று தேடிக்கொள்கிறது. வருத்தத்தைப் போக்க நண்பர்கள் சொல்லும் ஆறுதலும் இவ்வகையினதே: "நீங்கள் வாங்கியதுதான் மிகச் சிறந்தது, கவலைப்படாதீர்கள்." இவ்வாறுதலால் அரதி மீண்டும் இரதியாகிறதே அன்றி, பற்று குறைவதில்லை. பொருளை உள்ளவாறு காண்பதே நற்காட்சி. உயர்த்திக் காண்பதும் தாழ்த்திக் காண்பதும் அதற்குப் புறம்பானவை.

அங்ஙனமாயின், உண்மையான கழிவிரக்கத்தை எவ்வாறு இனங்காண்பது? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 2007-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 599 டாலருக்கு விற்ற அதனைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே 399 டாலராகக் குறைத்தார்கள். முன்னரே வாங்கியவர்கள் கொதித்தெழுந்து முறையிட்டனர். நிறுவனம் வருத்தம் தெரிவித்து, 100 டாலருக்குத் தன் கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பை அளித்தது. அவர்கள் முறையிட்டதில் குற்றமில்லை. ஆனால் நம் உள்ளத்தை நோக்கி ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: "கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தால் என் வருத்தம் தீர்ந்துவிடுமா?" தீருமாயின், அது பேரத்தில் தோற்றதற்கான வருத்தம். அடுத்த பேரத்தில் வென்றுவிட்டால் அது மறைந்துபோகும். நம்மைச் சிறிதும் திருத்தாது. விலை குறைந்தாலும், பிறர் புகழ்ந்தாலும், "என் தேவையின் அளவை நான் மீறினேன், பிள்ளையின் கல்விக்கு வைத்ததை எடுத்தேன், பிறருக்கு உதவியிருக்கக்கூடியதை எனக்கென வளைத்துக்கொண்டேன்" என்ற எண்ணம் எஞ்சி நிற்குமாயின், அதுவே அறத்தின் பாற்பட்ட வருத்தம்.

அத்தகைய வருத்தத்திற்கு நம் முன்னோர் வழி வகுத்துள்ளனர். கடந்த பிழையினின்று மீள்வது பிரதிக்கிரமணம். வருங்காலத்தில் அதனைச் செய்யேன் என விலக்குவது பிரத்தியாக்கியானம். இவ்விரண்டும் சேரும்போதே வருத்தம் பயன் தருகிறது. இரண்டும் இன்றி நாள்தோறும் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பது புண்ணைக் கீறிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

நடைமுறையில் செய்யத்தக்கது யாது? பொருள் நம் அளவை உண்மையிலேயே மீறியதாயின், அது புறப்படுமுன்னரே பதிவை நீக்கிக்கொள்வது நன்று. இதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், நேரில் பாராமல் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் கூறாமலே 14 நாள்களுக்குள் திருப்ப உரிமை அளிக்கிறது. அவசர மனத்திற்கு ஆறுவதற்குக் காலம் வேண்டும் என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டுள்ளன என்பதற்கு இது சான்று. ஆனால், ஒன்றைத் திருப்பிவிட்டு அதனினும் உயர்ந்ததை வாங்குவதற்கு அவ்வுரிமையைப் பயன்படுத்தினால், மீண்டும் அதே சுழலில் சிக்குவோம்.

பொருள் தேவையானதே என்று தெளிந்தால், வருத்தத்தை விடுத்து அதனை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். இங்கே அகிம்சையும் வந்து சேர்கிறது. மடிக்கணிப்பொறி ஒன்றினால் காற்றில் கலக்கும் கரியமிலத்தின் பெரும்பகுதி அது தொழிற்சாலையில் உருவாகும்போதே கலந்துவிடுகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு 2024-இல் வெளிவந்த அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றுள் பல எரிக்கப்பட்டும் புதைக்கப்பட்டும் மண்ணையும் நீரையும் கெடுக்கின்றன. அவற்றில் வாழும் எண்ணற்ற உயிர்களைத் துன்புறுத்துகின்றன. ஆகவே வாங்கிய கருவியை நான்காண்டு பயன்படுத்துவோர் எட்டாண்டு பயன்படுத்த முயல்வது சிக்கனம் மட்டுமன்று; அஃது ஓர் உயிரிரக்கச் செயல்.

யாவற்றினும் மேலானது முன்னரே அளவு வகுத்துக்கொள்வது. ஒருமுறை துய்த்துக் கழியும் உணவு போன்றவற்றைப் போகம் என்றும், மீண்டும் மீண்டும் துய்க்கும் ஆடை, அணி போன்றவற்றை உபபோகம் என்றும் பிரித்து, இரண்டிற்கும் இல்லறத்தார் எல்லை வகுக்க வேண்டும் என்று இரத்தின கரண்ட சிராவகாசாரம் கூறுகிறது. அவ்வெல்லையைக் கால வரையறையோடு கொள்வதை நியமம் என்றும், வாழ்நாள் முழுதும் கொள்வதை இயமம் என்றும் அது குறிக்கிறது. கணிப்பொறி உபபோகப் பொருள். "இப்போதுள்ளது பழுதாகும் வரை வேறு வாங்கேன், வாங்கும்போது இன்ன தொகைக்கு மேல் செல்லேன், முடிவு செய்தபின் பதினைந்து நாள் பொறுத்தே பணம் செலுத்துவேன்" என்று நியமம் மேற்கொள்வது எவருக்கும் இயலும். சட்டம் தரும் 14 நாள்கள் வாங்கியபின் வருகின்றன. நியமம் தரும் 15 நாள்கள் வாங்குமுன் வருகின்றன. முன்னதில் பொருளைத் திருப்பலாம். பின்னதில் மனத்தையே திருப்பலாம்.

அளவு வகுத்தவரும் கணிப்பொறி வாங்குவார். அவர் வாங்கியதன் விலையும் மறுமாதம் குறையக்கூடும். ஆனால் தமக்கு வேண்டியது இது, தம் எல்லை இவ்வளவு என்று அறிந்தே அவர் வாங்கினார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவ்வறிவின் மதிப்பு குறைவதில்லை. அடுத்த முறை பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், பொருளின் விவரக் குறிப்பைப் படிக்கும் அதே கவனத்தோடு நம் உள்ளத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.