படம் சாகவில்லை, எழுப்பு!

"பழைய மெஷின். படம் இப்படித்தான் வரும்."

இதைத்தானே சொல்கிறாய்? ஐம்பத்தைந்து அங்குல எல்இடி டிவியில் மெகா டிரைவ் என்ற பழைய கேம் மெஷினைச் சொருகினாய். கலங்கிய வண்ணத்தையும் வழியும் சிவப்பையும் பார்த்தாய். ஐந்தே நிமிடத்தில் அணைத்துவிட்டு இதைத்தானே சொன்னாய்?

பொய்! உனக்கு நீயே சொல்லிக்கொள்ளும் பொய்!

மெஷின் பழசு. படம் பழசாகவில்லை. 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகாம், அகலத்தில் 256, உயரத்தில் 240 புள்ளிகள் கொண்ட படத்தை வரைந்தது. இன்று மின்சாரம் கொடுத்தாலும் அதே 256, அதே 240. ஒரு புள்ளி குறையவில்லை!

பிறகு எங்கே கெட்டது?

வழியில் கெட்டது. கேபிளில் கொஞ்சம், டிவிக்குள் மீதி. இரண்டும் உன் கைக்கு எட்டும் இடங்கள்!

முதலில் டிவி செய்யும் குற்றத்தைப் புரிந்துகொள். அந்தக் காலத்து டியூப் டிவி ஒரு படத்தை இரண்டு பாதியாக வரையும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். கேம் மெஷினைச் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டாம் பாதியையும் முதல் பாதி இருந்த கோடுகளின் மேலேயே வரைய வைத்தார்கள். நொடிக்கு 60 முறை, முழுசாக 240 கோடுகள். டியூப் மறுபேச்சில்லாமல் வரைந்தது. இடையில் விழுந்த மெல்லிய கருங்கோடுகள்தான் அந்தப் படத்துக்கு அழகு.

உன் புது டிவிக்கு இந்தத் தந்திரம் தெரியாது. வருவது முழுப் படம் என்று புரியாமல், இரண்டு பாதி என்று நினைத்துக்கொண்டு ஒட்டுப்போட உட்கார்ந்துவிடுகிறது. ஓரங்கள் நடுங்குகின்றன. எழுத்து மங்குகிறது. ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் மின்ன வேண்டிய நிழல் அடியோடு காணாமல் போகிறது!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு.

தாமதம்.

ஒரு பிரேமுக்கு ஆயுள் சுமார் 16.7 மில்லிவிநாடி. டிவி சில பிரேம்களைப் பிடித்துவைத்து மெருகு போட்டால் போதும், நீ பட்டனை அழுத்திய பிறகு ஆள் யோசித்துக் குதிப்பான். பள்ளத்தில் விழுவான். நீ என்ன நினைத்தாய்? "எனக்கு வயசாகிவிட்டது, கை பழைய மாதிரி இல்லை" என்று நினைத்தாய்!

உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை! டிவி தாமதித்தது, பழியை நீ சுமந்தாய்!

ரிமோட்டை எடு. கேம் மோடைப் போடு. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணை. நாய்ஸ் ரிடக்‌ஷனை அணை. ஷார்ப்னெஸைக் குறை. படத்தை 4:3-க்குக் கொண்டுவா. அகலத்துக்கு இழுத்து, வட்டமான காசை முட்டையாக்கிப் பார்ப்பதில் என்ன பெருமை?

இதற்கு எவ்வளவு செலவானது? ஒரு ரூபாய்கூட இல்லை! "காசில்லை" என்ற சாக்கு இங்கேயே செத்தது.

அடுத்து கேபிள்.

ஆன்டெனா துளை வழியாகச் சேனல் தேடிப் பிடித்தாயே, அதுதான் அடிமட்டம். ஏவி கேபிளின் மஞ்சள் பின் அதற்கு ஒரு படி மேல். ஆனால் அங்கேயும் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன. எஸ்-வீடியோ அந்த இரண்டையும் பிரிக்கும். ஆர்ஜிபி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனியே கொண்டுவரும்.

1988-ல் வந்த மெகா டிரைவ் பிறக்கும்போதே ஆர்ஜிபியோடு பிறந்தது, தெரியுமா? பின்னால் இருக்கும் அந்த வட்டத் துளையில் அத்தனை சுத்தமான படம் காத்திருக்கிறது. நீ கேட்கவேயில்லை! சூப்பர் ஃபாமிகாமும் தரும். நின்டெண்டோ 64 அப்படியே தராது. உன் மெஷின் எதைத் தரும் என்று தேடிப் படி. படிக்காமல் புலம்பாதே!

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். 1991-ல் வந்த சோனிக் கேமில் அருவி ஒன்று விழும். அதை ஒரு கோடு விட்டு ஒரு கோடாகத்தான் வரைந்திருப்பார்கள். மஞ்சள் பின்னில் அந்தக் கோடுகள் கலந்து, தண்ணீர் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஆர்ஜிபியில் கோடு கோடாகவே நிற்கும். எது சிறந்த படம்? உன் கண்ணை வைத்து நீ முடிவு செய்! என்னைக் கேட்டால், அருவியை இழந்தாலும் ஆர்ஜிபிதான்.

"எல்லாம் செய்தேன். படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. விட்டுவிட்டேன்."

விட்டுவிட்டாயா? ஒரே தோல்விக்கா?

பல டிவிகளில் மஞ்சள் பின்னுக்கும் காம்போனென்ட் கேபிளின் பச்சைப் பின்னுக்கும் ஒரே துளை. மெனுவில் காம்போனென்ட் என்று இருந்தால், மஞ்சள் பின்னின் படம் நிறமில்லாமல் வரும். ஏவி என்று மாற்று, நிறம் வந்துவிடும்! அப்போதும் வரவில்லையா? ஜப்பான், அமெரிக்க மெஷின்கள் என்டிஎஸ்சி என்ற வண்ண முறையில் படம் தருபவை. பால் (PAL) என்ற முறை மட்டும் தெரிந்த பழைய டிவிக்கு அந்த நிறம் புரியாது. சிஸ்டம் மெனுவை ஆட்டோவில் வைத்துப் பார். எல்இடி டிவியின் பக்கவாட்டில் ஹெட்போன் துளைபோல் ஒரு ஏவி துளை இருக்கிறதா? அதற்கான கேபிள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், உள்ளே கம்பி வரிசை வேறு. மஞ்சளில் படம் வராவிட்டால் சிவப்பு முனையிலும் வெள்ளை முனையிலும் போட்டுப் பார்!

இவ்வளவுதான் விஷயம். இதற்கா தோற்றாய்?

மலிவாகக் கிடைக்கும் ஏவி-எச்டிஎம்ஐ பெட்டிகளை நம்பி ஏமாறாதே. அவற்றில் பெரும்பாலானவை உன் டிவி செய்யும் அதே குற்றத்தைத்தான் செய்யும். பின்லாந்தின் மார்கஸ் ஹீயென்காரியைப் பார்! ஓஎஸ்எஸ்சி என்ற கருவியை உருவாக்கினார். பிரேமைப் பிடித்துவைக்காமல், வரும் கோட்டை வந்த வேகத்திலேயே பெருக்கி அனுப்பும் கருவி. அதன் வடிவமைப்பை உலகத்துக்கே திறந்துவிட்டார். அமெரிக்காவில் மைக் சி என்ற பொறியாளர் ரெட்ரோடிங்க் வரிசையை உருவாக்கினார். 2023-ல் அவருடைய 4கே கருவி வந்தபோது அதன் விலை 750 டாலர். அதை வாங்கு என்று சொல்லவில்லை. கணக்கைக் கற்றுக்கொள் என்கிறேன்!

240-ஐ மூன்றால் பெருக்கு, 720. ஒன்பதால் பெருக்கு, 2160, அதாவது 4கே டிவியின் உயரம். இரண்டும் கச்சிதம்! 1080-க்கு வந்தால் நாலரை. அரைப் புள்ளியை எங்கே வைப்பாய்? ஒரு வரிசை தடித்து, அடுத்தது மெலிந்து, படம் நெளியும். நாலால் பெருக்கி 960-ல் நிறுத்து. மேலே 60, கீழே 60 கோடு கறுப்பாக இருக்கட்டும். கறுப்பு இடத்தைக் கண்டு பயந்து படத்தை நாசம் செய்யாதே!

இத்தனைக்கும் பிறகு எல்இடியால் முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. 1984-ல் வந்த டக் ஹண்ட் என்ற துப்பாக்கி கேம். விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். அந்தக் கணத்திலேயே துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்த்தாக வேண்டும். எல்இடியில் வெளிச்சம் பிந்தி வரும். நீ சரியாகத்தான் சுட்டாய், துப்பாக்கிக்குத்தான் தெரியவில்லை!

அதற்கு டியூப் வேண்டும். "இப்போது எங்கே கிடைக்கும்" என்று கேட்காதே! 2006-லிருந்து தமிழ்நாட்டில் வீடுதோறும் இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி டியூப்தானே? உன் பெரியம்மா வீட்டில், பக்கத்துத் தெருவில், பழைய இரும்புக் கடையில் கேள். பின்பக்கம் ஏவி துளை இருக்கிறதா, என்டிஎஸ்சி எடுக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டு வாங்கு. பின்மூடியை மட்டும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இந்த விஷயத்தில் நீ பயப்பட வேண்டிய ஒரே இடம் அதுதான். அந்த வேலைக்குப் பழைய டிவி மெக்கானிக்கைக் கூப்பிடு!