குரலும் கைங்கர்யமும்

பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்லும் முறையைத் திருவிழாவுக்கு வந்திருக்கும் பாகவதர்கள் கண்ணாரச் சேவிப்பார்கள். முன் கோஷ்டியில் பெரியோர்களுக்கிடையே குடுமியும் திருமண்காப்புமாகச் சில சிறுவர்களும் நிற்பர். அவர்கள் பாடசாலைப் பிள்ளைகள். அவர்களுடைய இளங்குரலைக் கேட்டு உருகாத உள்ளம் இல்லை. அக்குரலைப் பற்றி அடியேன் மனத்தில் நெடுநாளாக நின்றுவிட்ட கேள்வி ஒன்றை இம்மலரில் விண்ணப்பிக்கிறேன். எம்பெருமான் திருமுன்பே பாசுரம் சேவிப்பதற்கு இனிய குரல் ஒரு தகுதியா? இனிமை குன்றிய குரலை விலக்கி வைத்தால் கைங்கர்யம் சிறக்குமா, குறையுமா?

பாடசாலைப் பயிற்சி எளிதன்று. பிள்ளைகள் தாய் தந்தையரைப் பிரிந்து வந்து, ஆசிரியரோடு உடனுறைந்து கற்பவர்கள். பொழுது புலருமுன் எழுந்து நீராடி, சந்தியாவந்தனம் முடித்துச் சந்தைக்கு அமர்வார்கள். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, பிள்ளைகள் இருமுறை சொல்வது சந்தை. அதனையே பலமுறை சொல்லி உருவேற்றுவது திருவை. இதில் காதே முதல் ஏடு. ஸ்ரீமந் நாதமுனிகள் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் நாலாயிரத்தை இசையோடு கற்பித்தருளிய நாள்தொட்டு, வாயிலிருந்து செவிக்கும் செவியிலிருந்து வாய்க்கும் இச்செல்வம் இறங்கி வந்திருக்கிறது.

எழுத்தின் ஒலி, ஏற்ற இறக்கம், மாத்திரை, முயற்சி, சமநிலை, தொடர்ச்சி ஆகிய ஆறையும் தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி ஓதுதலின் அங்கங்களாக வகுத்துள்ளது. ஒரு சொல்லின் ஸ்வரம் பிறழ்ந்தமையால், இந்திரனைக் கொல்லப் பிறக்கவேண்டிய விருத்திரன் இந்திரனால் கொல்லப்பட்டான் என்னும் வரலாறும் யாவரும் அறிந்ததே. ஆகவே பயிற்சியில் கண்டிப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கண்டிப்பு எதன்மேல் செல்லவேண்டும் என்பதில் அடியேன் ஒருமுறை தவறினேன்.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், திருவாராதன கைங்கர்யத்தோடு, பாடசாலை ஒன்றில் பிள்ளைகளுக்குச் சந்தை சொல்லிவைக்கும் பொறுப்பும் அடியேனுக்கு இருந்தது. அவர்களுள் ஒரு பிள்ளையின் குரல் வெண்கல மணி போன்றது. மூன்று ஆண்டுகள் கோஷ்டியில் அவனையே முன்னிறுத்தினேன். பதின்மூன்றாம் பிராயத்தில், மார்கழி அத்யயன உற்சவம் நெருங்கும் வேளையில், அவனுக்கு மகரக்கட்டு வந்தது. உச்சத்தில் தொடங்கிய குரல் நடுவில் பிளந்து கீழே விழும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். உற்சவத்தில் பெரிய மனிதர்கள் வருவார்களே, கோஷ்டி கெட்டுவிடுமே என்று அடியேனுக்கு அச்சம். "நீ வரிசையில் நில், உதட்டை மட்டும் அசை, சப்தம் வரவேண்டாம்" என்று கட்டளையிட்டேன்.

இராப்பத்தின் பத்து நாள்களிலும், திருவாய்மொழி 1102 பாசுரங்களுக்கும், அவன் அவ்வண்ணமே நின்றான். அடியேன் பெருமாள் அருகில் நின்றபடியால் எதிரே அவன் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. சாத்துமுறை ஆன இரவு, தீர்த்தப் பிரசாதம் பெற்றபின் அவன் வந்து ஸேவித்து, "ஸ்வாமி, இந்தப் பத்து நாளும் அடியேன் சேவித்ததாகக் கணக்கா, சேவிக்காததாகக் கணக்கா?" என்று கேட்டான். "போய்ப் படுத்துக்கொள்" என்று மட்டுமே சொன்னேன். மறு ஆண்டு அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. அதற்குக் காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆனால் அவன் கேள்விக்கு விடை கூறாமல் அனுப்பியது அடியேனுடைய குற்றம்.

பிற்பாடு சாத்திரத்தில் அடியேனுக்குச் சார்பாக ஏதேனும் உண்டா என்று தேடினேன். பாணினீய சிக்ஷை வேதம் ஓதுவோருள் கடைப்பட்டவர் அறுவரைக் கூறுகிறது. மெலிந்த குரலுடையவன் அவர்களுள் ஒருவன். ஆறுதல் கிடைத்ததென்று எண்ணினேன். ஆனால் அப்பட்டியலின் தொடக்கத்தில் நிற்பவன், ஓதுவதைப் பாட்டாக இழுத்துப் பாடுபவன். விரைந்து ஓதுபவனும், தலையை அசைப்பவனும், எழுதியதைப் பார்த்துப் படிப்பவனும், பொருளறியாதவனும் அதில் உளர். இது வேதத்துக்குச் சொன்னதாயினும் நமக்கும் பாடமாகும். கேட்போர் மகிழ ஒரு குரலை முன்னிறுத்தி இழுத்துப் பாடச்செய்த அடியேனுக்கே அங்கு முதலிடம் காத்திருந்தது!

அதே நூல் வேறொன்றும் கூறுகிறது. காலையில் ஓதும் ஒலி மார்பிலிருந்து புலியின் முழக்கம்போல் வரவேண்டும். நண்பகலில் கண்டத்திலிருந்தும், மாலையில் சிரத்திலிருந்தும் வரவேண்டும். அங்ஙனமாயின், சிரத்திலிருந்து மார்புக்கு இறங்கிய குரல் கெட்டுப்போன குரலன்று. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் இறங்குகிறது. இது தேக தர்மம். அப்பொழுது வேண்டியது சுருதியைத் தாழ்த்தி, பலவந்தம் செய்யாமல், மந்த்ர ஸ்தாயியில் பழக்குவதே. அந்தச் சிறு உழைப்புக்குச் சோம்பிய அடியேன், அவனை ஊமையாக்கினேன்.

இக்கொடுமை நம்மிடம் மட்டும் உள்ளதன்று. பிள்ளைகளைக் கொண்டு நடந்த நம் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த சிறுவனுக்கு வேஷம் போயிற்று. வியன்னா நகரத் தேவாலயப் பாடகர் குழுவில் உடனுறைந்து பாடிய ஹைடன் என்னும் சிறுவன், குரல் உடைந்தபின் 1749-ஆம் ஆண்டையொட்டி வெளியேற்றப்பட்டான். பிற்காலத்தில் அவனே ஐரோப்பா போற்றும் இசைமேதை ஆனான். போனது குரல், இசை அவனிடமே இருந்தது.

நம் சம்பிரதாயத்திலோ இதற்கு மேலான சான்று உண்டு. கைசிக ஏகாதசியன்று நாம் கேட்கும் நம்பாடுவான் வரலாற்றை நினைத்துப் பார்க்கவேண்டும். திருக்குறுங்குடி நம்பியைத் தூரத்தே நின்று பாடியவர் அவர். வேள்வியில் நெறி பிறழ்ந்து பிரம்மராக்ஷஸாகத் திரிந்த சோமசர்மாவைக் கரையேற்றியது, அவர் தந்த ஒரு பாட்டின் பலனே. உள்ளே வர இடம் பெறாதவருடைய பாட்டை எம்பெருமான் தன் கணக்கில் எழுதிக்கொண்டான் என்பதே அவ்வரலாற்றின் சாரம்.

ஆகவே அடியேன் கண்ட முடிவு இது. சோம்பலால் வரும் பிழை வேறு, சரீரத்தால் வரும் குறை வேறு. முன்னதைத் தயவின்றித் திருத்தவேண்டும். பின்னதைத் தயவோடு தாங்கவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதும் ஆசிரியன், ஓதுதலைக் காக்கவில்லை; தன் பெயரையே காக்கிறான். உதட்டை மட்டும் அசைக்கச் சொன்னது அதனினும் பெரிய பிழை. பொய் சொல்லக் கற்காத வாயை, பெருமாள் திருமுன்பே பொய்யாக அசைக்கக் கற்பித்துவிட்டேன்.

அன்று கேட்ட அப்பிள்ளை எங்கிருந்தாலும் அவனுக்கு இன்று அடியேன் சொல்லும் விடை: நீ சேவித்ததாகவே கணக்கு. சேவிக்காதவன் அடியேனே.

அதன்பின் அடியேன் பொறுப்பிலிருந்த எந்தப் பிள்ளையையும் மகரக்கட்டின் காரணமாக வாய் மூடச் சொன்னதில்லை. பெரியவர்கள் அருகில் நிறுத்தி, அவர்கள் சுருதியில் தாழச் சேவிக்கச் செய்தேன். பலருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் குரல் நிலைத்தது. சிலருக்கு இனிமை திரும்பவில்லை, பாசுரம் நின்றது.

இவ்வுற்சவத்தில் கோஷ்டி உங்களைக் கடந்து செல்லும்போது, இளங்குரல்களின் நடுவே கரகரத்த குரல் ஒன்று உங்கள் செவியில் படலாம். முகம் சுளிக்கவேண்டாம். அப்பிள்ளையை ஒருமுறை கனிந்து பாருங்கள். அதுவும் பெருமாளுக்கு உகப்பான கைங்கர்யமே.