பூச்சும் வாய்மையும்

பழைய பொருளுக்குப் புதுவண்ணம் பூசுதல் அறமா, வஞ்சனையா? பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கிறோம். ஆயுத பூசையன்று பெங்களூர்ப் பட்டறைகளில் தேய்ந்த பொறிகளும் துடைக்கப்பெற்றுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. இவற்றைப் பொய் என்பார் எவரும் இலர். ஆனால் விலைக்கு வரும் பொருளின்மீது அதே வண்ணம் ஏறும்போது நம் உள்ளம் சற்றே தயங்குகிறது. அத்தயக்கத்தின் காரணம் யாது?

அண்மையில் இவ்வினா எம் இல்லத்துக்கே வந்து சேர்ந்தது. கடல்தொழிலை விட்டு, மகனுடன் வாழ இந்நகருக்கு வந்த முதிய உறவினர் ஒருவர், தம் பழைய படகு இயந்திரத்தையும் உடன் கொண்டுவந்தார். அதனைப் புதுக்கி, குமரிக் கரையில் மீன்பிடிக்கச் செல்லும் இளைஞர் ஒருவருக்கு விற்பது அவர் எண்ணம். வண்ணம் பூசும் வேலையை விடுமுறை நாட்களில் நாம் ஏற்றுக்கொண்டோம்.

படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றும் இவ்வகை இயந்திரத்தை மக்களிடையே பரப்பியவருள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் 1877இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1909இல் மில்வாக்கி நகரில் தம் இயந்திரத்தை உருவாக்கினார். தமிழகக் கடற்கரையில் 1980களில் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் இது பரவலாயிற்று. துடுப்பையும் பாயையும் நம்பிய கைகள் இயந்திரத்தை நம்பத் தொடங்கின. கரை மறைந்த தொலைவில் அது நின்றுவிட்டால், நிற்பது ஓர் உலோகப் பொறி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வாழ்வும் அங்கே அலையில் ஆடும்.

இதன் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. இரும்பைப் போல் செந்துரு பிடிக்காது. உப்புநீர் பட்டால் வெண்பொடி பூத்து, உள்ளே குழி விழும். ஆகவே பூச்சு இதற்கு அழகன்று, கவசம். நன்னீரால் உப்பைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, உப்புத்தாளால் வெண்பொடியைத் தேய்த்து அகற்றி, அலுமினியத்திற்குரிய பிரைமர் பூசிய பின்னரே வண்ணம் ஏற்ற வேண்டும். அடிவேலை செய்யாத வண்ணம் சில நாட்களிலேயே ஏடு ஏடாக உரிந்துவிடும். செம்பு கலந்த பூச்சு அலுமினியத்தையே அரித்துவிடுமாதலால் அதுவும் ஆகாது.

இரண்டு இடங்களில் மட்டும் வண்ணம் படலாகாது. ஒன்று, நீரில் மூழ்கும் பகுதியில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டி. உப்புநீரின் அரிப்பைத் தான் ஏற்றுத் தேய்ந்து, மற்ற உலோகத்தைக் காப்பது அது; வண்ணம் பூசி மூடினால் அதன் பணி நின்றுவிடும். மற்றொன்று, இயந்திரத்தின் எண் பொறித்த தகடு. அது அதன் பிறப்புச் சான்று.

பழைய வண்ணத்தைச் சுரண்டியபோது, பற்சக்கரங்கள் எண்ணெயில் சுழலும் கீழ்ப்பெட்டியில் ஆழமான ஒரு குழி தென்பட்டது. இங்கேதான் அறச்சிக்கல் எழுந்தது. பட்டி வைத்து அடைத்துத் தேய்த்து, மேலே வண்ணம் பூசினால் எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆனால் என்றேனும் அவ்வடைப்பு விட்டு நீர் உட்புகுந்தால் பற்சக்கரங்கள் கெடும். “வாங்குபவர் சோதித்து வாங்கட்டும், எல்லாரும் செய்வதுதானே?” என்றார் உறவினர். தம் முதுமைக்கென அவர் நம்பியிருந்த தொகை அது. அவர் சொல்லைப் பேராசை என்று தள்ள நம்மால் இயலவில்லை.

எனினும் சோதித்தறியும் வழியை நாமே மூடிவிட்டு, சோதிக்கும் கடமையை மற்றவர் தலையில் சுமத்துதல் முறையாகுமா? வள்ளுவர் வாய்மையை அளக்கும்போது, சொல்லால் பிறர்க்கு விளையும் தீமையையும் எண்ணிப் பார்க்கிறார். வண்ணத்துக்கு வாய் இல்லை. ஆயினும் ‘இங்கே குறையில்லை’ என்று அது பேசுகிறது. குற்றம் பூச்சினுடையதன்று. மைசூரில் 1937இல் தொடங்கப்பெற்ற வண்ணத் தொழிற்சாலையே, 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மையையும் செய்து தருகிறது. வண்ணம் மூடுகிறது; மை காட்டுகிறது. இரண்டும் ஒரே கூரையின்கீழ்ப் பிறப்பவை. பூசும் கருத்தே அறத்தையும் மறத்தையும் பிரிக்கிறது.

முடிவில் குழியை முறையாக அடைத்தோம், வண்ணமும் பூசினோம். அடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, இயந்திரத்தோடு கட்டி அனுப்பினோம். விலை குறைந்தது. உறவினரின் முகமும் சில நாட்கள் வாடியது. வாய்மைக்கு விலையில்லை என்று மேடையில் சொல்வது எளிது. அவ்விலையை ஒரு முதியவர் தம் கையிருப்பிலிருந்து கொடுத்தார் என்பதை நாம் மறத்தற்கில்லை.

காப்பதற்காகப் பூசுவது அறம். அடுத்தவர் அறியவேண்டியதை அறியாமல் தடுக்கப் பூசுவது வஞ்சனை. பிழைப்புத் தேடி வந்த நாமும் இந்நகரின் மொழியையும் நடையையும் மேற்பூச்சாக ஏற்றிருக்கிறோம். அது நம்மைக் காத்த கவசம். அதில் நாணுதற்கு ஏதுமில்லை. ஆனால் நம் பிள்ளைகளிடம் குடும்பத்தின் வரலாற்றை ஒப்படைக்கும்போது, தேய்ந்த இடங்களையும் அடைத்த குழிகளையும் சொல்லியே ஒப்படைப்போம். அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கடலில் செல்ல இருப்பவர்கள் அவர்களே அன்றோ!