யாருக்கு அடிமை?

“என் காசு, என் உடம்பு. நான் குடித்தால் உங்களுக்கென்ன?” என்று கேட்கும் சகோதரர்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வேறு! அஸரிலிருந்து இஷா வரை அது இல்லாமல் இருக்க முடியுமா என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் அன்று மது பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். தடை அறிவிப்புக் காதில் விழுந்ததும் கொட்டிவிடச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று. ஒரே நாளில் வந்த மனமா அது? மதுவில் பயனைவிடப் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது (2:219). பிறகு, போதையோடு தொழுகையை நெருங்கத் தடை வந்தது (4:43). ஐவேளை தொழுகிறவருக்குக் குடித்துத் தெளிய நேரம் ஏது? நப்ஸின் பிடி இப்படித் தளர்ந்த பின்பே முழுத் தடை இறங்கிற்று (5:90). இன்று ‘படிப்படியாக’ என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம், தடை முழுமையாகிவிட்டது.

ஆனால், ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, உயிராபத்துகூட நேரலாம். தவ்பாச் செய்தவரை உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஏசாதீர்கள். குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, அவருக்கெதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.