சமநாளும் தர்மமும்

அய்யா துணை.

ஆண்டுக்கு இரண்டு நாள் பகலும் இரவும் சரிபாதி என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். மார்ச் மாதம் 20 அல்லது 21, செப்டம்பர் மாதம் 22 அல்லது 23. தமிழ் மாதக் கணக்கில் பங்குனி 7-ஐயும் புரட்டாசி 6-ஐயும் ஒட்டி வரும். பரீட்சையில் எழுதிய பிறகு அந்த நாட்களை யாரும் நினைப்பதில்லை. அதில் குற்றம் சொல்லவும் முடியாது. கள்ளக்குறிச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12¾ மணி நேரம். மிகக் குறுகிய பகல் 11½ மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசம் ஆறு மாதத்தில் மெல்ல மெல்ல வந்துபோகும்போது வேலைக்குப் போகிறவர் கண்ணில் அது எங்கே படும்? லண்டன் பட்டணத்தில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊர்களில் சமநாள் வந்தால் உடம்பே சொல்லிவிடும். ஈரான் நாட்டாருக்கு மார்ச் சமநாள்தான் புத்தாண்டு. ஜப்பானில் இரண்டு சமநாளும் அரசு விடுமுறை. அன்று முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்குவார்கள்.

நம் பக்கத்தில் சமநாளைக் கடிகாரத்தில் தேடுவதைவிட மலையில் தேடுவது நல்லது.

பங்குனி 7-ல் கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன் மலையைப் பாருங்கள். இலை உதிர்ந்து, செம்மண்ணும் பாறையுமாக, காய்ந்த புல்லின் நிறத்தில் கிடக்கும். சில இரவுகளில் சரிவில் தீ ஊர்ந்துபோவது தூரத்திலிருந்தே தெரியும். ஓடைகளில் தண்ணீர் ஓடிய தடம் மட்டும் இருக்கும். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணையில் தண்ணீர் உள்வாங்கி, கரையோரச் சேறு வெடித்துக் கிடக்கும். மலைக்கு மேலே புளி உலுக்கும் காலம் அது.

புரட்டாசி 6-ல் அதே இடத்தில் நின்று பாருங்கள். தென்மேற்குப் பருவமழை முடியப்போகிறது, வடகிழக்கு இன்னும் தொடங்கவில்லை. மலை பச்சையாக இருக்கும். வெள்ளிமலைப் பக்கம் மேகம் இறங்கி நிற்கும். மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் தண்ணீர் விழும். சாமைக் கொல்லை பச்சைப்பசேல் என்று அசையும்.

இந்த இரண்டு நாளிலும் சூரியன் கொடுப்பது ஒரே அளவு. இரண்டு நாளிலும் நேர் கிழக்கே உதித்து நேர் மேற்கே மறைகிறது. உச்சி வேளையில் ஏறும் உயரமும் ஒன்றே. பகலின் நீளமும் ஒன்றே. ஒரே அளவு வெயில் ஒரு முறை மலையைக் காய வைக்கிறது, இன்னொரு முறை கதிரைப் பிடிக்க வைக்கிறது. அப்படியானால் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டால் நீதி செய்தாகிவிட்டது என்று சொல்லலாமா? இந்தச் சிறு ஏட்டில் யோசிக்க எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான்.

முதலில் அளவு உண்மைதானா என்று பார்த்துவிடலாம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 150 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பை முற்றத்தில் செங்குத்தாக நடுங்கள். சமநாளன்று கள்ளக்குறிச்சியில் உச்சி நிழல் வடக்கே பார்த்து 31 சென்டிமீட்டர் இருக்கும். பழைய சோதிடக் கணக்கர்கள் 12 அங்குலச் சங்கு என்ற கோலை நட்டு அளந்தார்கள். அந்தக் கணக்கில் நம் ஊருக்கு இரண்டரை அங்குலம். ஆனால் கடிகாரத்தில் 12 அடிக்கும்போது அளந்துவிட வேண்டாம். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள ஓர் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. பங்குனிச் சமநாளில் நம் ஊருக்கு உண்மையான உச்சி சுமார் 12 மணி 22 நிமிடம். புரட்டாசிச் சமநாளில் 12 மணி 7 நிமிடம். நாள் முழுக்கப் பொறுமையாக நிழலின் நுனியைக் கல் வைத்து அடையாளம் செய்தால் இன்னொன்றும் தெரியும். மற்ற நாட்களில் நுனி வளைந்து போகும். சமநாளில் மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் போகும். நிழல் பார்த்துத் திசை பிடிக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதல்ல. இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத உச்சி வேளை பார்த்து, அரண்மனைக்கு நூல் பிடித்த செய்தி நெடுநல்வாடையிலேயே இருக்கிறது.

மறுநாளும் அதே கம்பின் நிழலை அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். பங்குனியில் குறைந்திருக்கும், புரட்டாசியில் கூடியிருக்கும். டிசம்பர் 21-ஐ ஒட்டி அளந்து பாருங்கள். நிழல் ஒரு மீட்டருக்கு மேலே நீண்டிருக்கும், ஆனால் மூன்று நான்கு நாள் ஆனாலும் மாறியது கண்ணுக்குத் தெரியாது. அதாவது, சூரியன் தெற்குக் கோடியிலும் வடக்குக் கோடியிலும் போய் நின்றுவிட்டதுபோலத் தயங்குகிறது. நடுவுக்கு வரும்போதுதான் மிக வேகமாக நகர்கிறது. நடுவில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

இதை மனிதரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஊரில் ஒரு வழக்கு வந்தால், "நான் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, நடுவில் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொள்கிறவர் உண்டு. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு அதை நடுநிலை என்கிறார். நடுவில் நிற்பது வசதியான காரியம். சூரியன் நடுவில் நிற்பதில்லை. எந்தப் பக்கம் இருட்டு நீண்டுவிட்டதோ அந்தப் பக்கம் நோக்கி நடுவைக் கடந்து போகிறது. வடக்கே குளிரில் கிடந்த நாடுகளுக்கு மார்ச்சிலும், தெற்கே கிடந்தவற்றுக்கு செப்டம்பரிலும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பூமியில் எந்த ஊருக்கும் ஏறத்தாழ பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அந்தச் சமம் இப்படிப் போய்ப்போய் வந்து உண்டானது.

சமம் என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுவதிலும் ஆபத்து உண்டு. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் சித்திரை விசு கொண்டாடுகிறார்கள். குற்றாலத்தில் ஐப்பசி விசுவும் உண்டு. விசு என்றாலே பகலும் இரவும் சமமாகும் வேளை என்று பொருள். ஐப்பசிக்குத் துலாம் மாதம், அதாவது தராசு மாதம் என்று பேர். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பெயர்கள் சரியாக இருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையசைப்பதால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுந்து, இப்போது சித்திரை முதல் நாள் உண்மையான சமநாளுக்கு மூன்று வாரத்துக்கு மேல் பிந்தி வருகிறது. திருவிழாவுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பெயர் தராசு என்று இருந்தாலும் முள் எங்கே நிற்கிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள், மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. ஆனால் இந்த மலை அதற்குப் பின்னும் ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு தன் நேரடி நிர்வாகத்தில் இதை எடுத்துக்கொண்டது 1976-ல். 29 ஆண்டுகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். கீழே சமவெளியில் ஒருவர் பள்ளிக்கூடம் போய், பட்டா வாங்கி, ஓட்டுப் போட்டு, பிள்ளையை வேலைக்கு அனுப்பிய காலம் முழுவதும் மேலே இருந்தவருக்கு வேறு காலமாக இருந்தது.

1976-க்குப் பிறகு சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒரே ரேஷன் கடை, ஒரே பாடப்புத்தகம், ஒரே பரீட்சை. "எல்லாருக்கும் ஒன்றாகத்தானே கொடுக்கிறார்கள், இனி என்ன குறை?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் பங்குனி மாத மலைதான் நினைவுக்கு வருகிறது. வெயில் குறையவில்லை, சரியான அளவில்தான் விழுகிறது. விழுகிற இடம் அதற்கு முந்திய மாதங்களில் எப்படிக் கிடந்தது என்பதுதான் பேச்சு.

தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் ஒரு குடும்பம் ஆடி மாதம் கையில் காசில்லாமல் கீழே உள்ள வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குனியில் புளியை உலுக்கி, ஓடு உடைத்து, மூட்டை கட்டி, இறக்கிக்கொண்டு வருகிறார்கள். வியாபாரியின் தராசு கொஞ்சமும் சாயவில்லை. படிக்கல்லும் முத்திரை போட்ட கல். எடையில் ஒரு கிராம்கூட ஏமாற்றவில்லை. ஆனால் விலையை ஆடி மாதமே பேசியாகிவிட்டது, பசியாக இருந்தபோது. இங்கே தராசு பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீட்டுப் பெண் காலி மூட்டையை மடித்துக்கொண்டு திரும்பும்போது ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இந்த மலையின் பெயர் செய்தித்தாளில் வருவதென்றால் பெரும்பாலும் சாராயத்தை ஒட்டித்தான் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இறந்தவர்கள் கூலிவேலை செய்த ஏழைகள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்ற கேள்வியெல்லாம் அப்போது வந்தது. சாவு விழுந்தது மலையடிவாரத்துப் பட்டணத்தில். கேள்வி மலைக்கு ஏறியது அதன் பின்னால்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயமான கேள்வி உண்டு, அதைத் தட்டிவிடக் கூடாது. ஒருவருக்கு மட்டும் கூடக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர் "எனக்கு ஏன் இல்லை" என்று கேட்க மாட்டாரா? யாருக்குக் கூட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? கூடக் கொடுக்கிற கையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. தேவையில்லாதவர் தேவையுள்ளவர்போல முன்னே வந்து நிற்பதும் உண்டு. கீழே சமவெளியிலும் பசித்த வீடு இருக்கிறது. கருணாபுரமே அதற்குச் சாட்சி. அதனால் "மலைக்குக் கொடு" என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடாது.

இதற்கும் மலையே ஒரு விதத்தில் விடை வைத்திருக்கிறது. பங்குனி மலையும் புரட்டாசி மலையும் வேறுபடுவது இடையில் பெய்த மழையால். புரட்டாசி மலைக்குக் கூடுதல் வெயில் தேவைப்படவில்லை. மண் நனைந்திருந்தது, அதனால் எல்லாருக்கும் விழும் அதே வெயில் போதுமானதாகிவிட்டது. முதலில் நனைக்க வேண்டியதை நனைத்துவிட்டால் பிறகு ஒரே அளவு வைப்பதில் ஒரு தவறும் இல்லை. நனைப்பது என்பதும் ஒருவர் கையில் பணத்தைத் திணிப்பது அல்ல. பள்ளிக்கூடம் போகும் பாதை, மழைக்காலத்திலும் ஆள் இருக்கும் ஆஸ்பத்திரி, ஆடி மாதம் முன்பணம் வாங்காமல் அடுப்பு எரிய ஒரு வழி. யாருக்கு என்று கேட்டால், எங்கே மண் வெடித்துக் கிடக்கிறதோ அங்கே. அதைப் பார்க்கக் கீழே உட்கார்ந்துகொண்டு பட்டியல் போட்டால் முடியாது, நடந்துதான் போக வேண்டும்.

அய்யா வைகுண்டர் காலத்துத் தென்திருவிதாங்கூரிலும் மழை எல்லார் மேலும் சமமாகத்தான் பெய்தது. கிணற்று வாளிதான் சமமாக இல்லை. சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணறு தோன்றி, எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்து ஒன்றாகக் குடித்தபோது, மழைக்கு ஒரு சொட்டும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. வாளி எட்டாதவருக்கு வாளி எட்டியது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதைத் தர்மம் என்று அய்யாவழி மக்கள் சொல்லி வருவது இந்தப் பொருளில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த சமநாள் வரும்போது வீட்டு முற்றத்திலோ தாங்கல் முற்றத்திலோ பிள்ளைகளை வைத்து ஒரு கம்பு நட்டுப் பாருங்கள். நிழல் 31 சென்டிமீட்டர் வருகிறதா என்று அவர்களே அளக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே கம்பை நட்டு, மறுபடியும் அளக்கட்டும். இரண்டு அளவும் ஒன்றாகவே இருக்கும், அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அளந்து முடித்த பிறகு, இரண்டு முறையும், கையை நெற்றியில் வைத்து மேற்கே மலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.